துண்டு முறையும் கடன் சட்டங்களும்

வங்கியல்லாத தனியார் முதலீட்டு நிதியங்கள் நேரே கடன் கொடுக்குமிடத்து அவற்றைச் சட்டம் எங்ஙனம் கட்டுப்படுத்தல் வேண்டும் என்னும் வினா ஐரோப்பிய நாடுகளில் அண்மைக் காலத்தே பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. அயர்லாந்து 2014இல் தனி விதிகள் வகுத்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பொதுவிதி செய்தது. இலங்கை மலையகத்துக்கோ இவ்வினா பழையது.

19ஆம் நூற்றாண்டில் கொழும்பிலிருந்த ஐரோப்பிய வங்கிகள் சுதேசிகளுக்கு நேரே கடன் கொடுக்கப் பெரும்பாலும் முன்வந்தில. சிராப்பின் பிணையின்மேல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்க்குக் கொடுத்தன. அவர் வணிகர்க்கும் சிறு தோட்டக்காரர்க்கும் கொடுத்தனர். தோட்டங்களில் துரைமார் பெரிய கங்காணிக்கு முற்பணம் அளித்தனர். கங்காணியோ அதனைத் தன் ஆட்களின் பேரில் பற்று எழுதினான். ஊரைவிட்டுப் புறப்பட்ட நாள்தொட்டு வழிச்செலவு, அரிசி, கம்பளி யாவும் அக்கணக்கில் ஏறின. கணக்கை எழுதியவன் ஒருவன். எழுத்தறியாது அதனைச் சுமந்தவர் பலர்.

இதன் விளைவே துண்டு. இத்தொகையைச் செலுத்தினால் இன்ன ஆட்களை விடுவிப்போம் எனத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதனைக் கொண்டு வேறு தோட்டஞ் செல்வான். ஆட்பஞ்சம் மிக்க காலத்தில் புதிய துரை அத்தொகையோடு மேலும் சிறிது கூட்டிக் கொடுப்பார். கூடிய தொகையும் ஆட்களின் கடனேயாம்! உடப்புசல்லாவை முதல் அட்டன் வரை, மலைக்கு மலை, கடன் கைமாறுந்தோறும் வளர்ந்தது. தொழிலாளி ஒரு மாத முன்னறிவித்தலுடன் விலகலாம் என்பது 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கொள்கை. ஆயின் துண்டின்றிச் சென்றவனை ஏற்கும் தோட்டம் அரிது. அறிவியாது சென்றவனுக்கோ சிறை.

1918ஆம் ஆண்டின் கடன் கொடுத்தற் சட்டம், மிகைவட்டிக் கொடுக்கல் வாங்கல்களை மீளாராய நீதிமன்றங்களுக்கு அதிகாரம் அளித்தது; கடன்பட்ட முதலையும் வட்டி வீதத்தையும் சீட்டில் குறிக்கவேண்டும் என்றது. நல்ல சட்டமே. எனினும் லயத்தில் வாழ்ந்தவன் நீதிமன்றப் படி ஏறுவது எங்ஙனம்? 1921இல் துண்டு தடைசெய்யப்பட்டது; வேலையை விட்டு நீங்கியமைக்கான சிறைத்தண்டனையும் அவ்வாண்டே ஒழிந்தது. முந்திய சட்டம் வட்டியை நோக்கிற்று. பிந்தியது கடனோடு ஆளும் கைமாறுதலை நோக்கிற்று. ஆகலின் பிந்தியதே வேரைத் தொட்டது எனல் பொருந்தும். கங்காணியின் செல்வாக்கு உடனே மறையவில்லை என்பது வேறு.

ஐரோப்பிய விதியும் இவ்விடத்தைத் தொடுகின்றது. நிதியம் தான் கொடுத்த கடனைப் பிறர்க்கு விற்குமாயின், பொதுவாக அதில் 5 வீதத்தைத் தன்னிடமே வைத்திருத்தல் வேண்டும். விற்பதற்கென்றே கடன் கொடுத்தலும் ஆகாது. துண்டில் இழப்பின் பங்கு எதனையும் பழைய துரை ஏற்றதில்லை.

செட்டியார்க்கு வங்கிகள் அளித்த கடன் 1925இன் நெருக்கடியின்பின் சுருங்கிற்று. 1934இல் சொராப்ஜி போச்கானவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு ஆராய்ந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றிற்று. பிற்காலத்தே தோட்டப் பெண்களை நாடி வந்தது நுண்கடன். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம், வைப்புப் பெறும் கம்பெனிகளுக்கே அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது. வைப்புப் பெறாது தம் முதலைக்கொண்டே கடன் கொடுத்த கம்பெனிகள் அதன் எல்லைக்குப் புறத்தே நின்றன.