சத்தம் கேட்டால் வெளியே: வீட்டுப் புகை அலாரத்தை மாற்றுவது பற்றி

கடந்த மாரிகாலத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் பெரியம்மாவின் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஓர் இரவு மூன்று மணியளவில் வீட்டிலிருந்த எல்லாப் புகை அலாரங்களும் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. அண்ணா ஏணி வைத்து ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றினார். சத்தம் நின்ற பிறகுதான் பெரியம்மாவையும் ஆறு வயதுப் பேத்தியையும் காணவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

அவர்கள் பேஸ்மென்றில் இருந்தார்கள். படிக்கட்டுக்கு அடியில், பேத்தியைத் தன் உடம்பால் மூடியபடி பெரியம்மா குப்புறப் படுத்திருந்தார்.

“சத்தம் கேட்டா கீழதானே பிள்ளை போறது?” என்று என்னிடம் கேட்டார்.

பெரியம்மா 2009 மே வரை வன்னியில் இருந்தவர். கிபிர் வந்தாலும் ஷெல் வந்தாலும் பங்கருக்குள் இறங்கிப் படுப்பதுதான் அங்கே உயிர் தப்பும் வழி. அந்தப் பழக்கம்தான் அவரைக் காப்பாற்றியது. ஆனால் வீடு தீப்பிடிக்கும்போது அதே பழக்கம் ஆளைக் கொன்றுவிடும். பேஸ்மென்றிலிருந்து வெளியேறப் பெரும்பாலும் ஒரே ஒரு படிக்கட்டுத்தான் இருக்கும். மேலே நெருப்பும் புகையும் நிறைந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

அடுத்த நாள் அண்ணாவும் நானுமாக அலாரங்களை மாற்றினோம். அப்போது படித்தவற்றையும் செய்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். இலங்கையில் நம் வீடுகளில் இந்தக் கருவி அநேகமாகக் கிடையாது. ஆனால் கனடாவில் பிள்ளைகளோடு வாழும், அல்லது அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர் நம்மிடையே ஏராளம்.

அலாரத்துக்கும் வயது உண்டு

கழற்றிய கருவியைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கத்தில் உற்பத்தித் திகதி 2006 என்று அச்சிடப்பட்டிருந்தது. புகை அலாரத்தின் ஆயுள் உற்பத்தித் திகதியிலிருந்து பத்து ஆண்டுகள். அதற்குப் பிறகு உள்ளே தூசி படிந்து, உணரும் பகுதி பழுதடைந்து, ஒன்றில் காரணமில்லாமல் அடிக்கும், அல்லது அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் விடும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறது என்பதற்காகப் பழைய கருவியை நம்பக் கூடாது. மின்சாரமும் ஒலிப்பானும் வேலை செய்வதை அந்தச் சத்தம் காட்டும். புகையை முன்போல் உணருமா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

அலாரம் எழுப்பும் சத்தங்களையும் பிரித்து அறிய வேண்டும். மூன்று தடவை அடித்து, சற்று நிறுத்தி, மீண்டும் மூன்று தடவை அடித்தால் அது புகை. நான்கு நான்காக அடித்தால் காபனோரொட்சைட்டு. நிறமும் மணமும் இல்லாத இந்த நச்சு வாயு பெரும்பாலும் வீட்டைச் சூடாக்கும் எரிவாயுக் கருவிகளின் பழுதால் வெளிவருவது. இரண்டுக்குமே உடனடியாக வெளியேற வேண்டும். அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு தடவை ‘கீச்’ என்று கேட்டால் பற்றரி முடிகிறது, அல்லது கருவியின் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்

பல வீடுகளில் புகை அலாரம் வீட்டின் மின்வயருடன் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் நின்றால் வேலை செய்ய உள்ளே ஒரு பற்றரியும் இருக்கும். கருவிக்குப் போகும் மூன்று வயர்களில் கறுப்பும் வெள்ளையும் 120 வோல்ற் மின்சாரத்துக்கானவை. மூன்றாவது வயர் எல்லா அலாரங்களையும் ஒன்றோடொன்று இணைக்கிறது. பேஸ்மென்றில் புகை எழுந்தால் மேல்மாடியில் தூங்குபவருக்கும் கேட்பது இதனால்தான். ஒரு பழைய கருவி பிழையாக அடித்தால் முழு வீடும் அலறுவதும் இதனால்தான்.

ஒன்ராறியோ மாகாணத் தீப் பாதுகாப்பு விதிகளின்படி வீட்டின் ஒவ்வொரு மாடியிலும், படுக்கை அறைகளுக்கு வெளியிலும் வேலை செய்யும் புகை அலாரம் இருக்க வேண்டும். வயருடன் இணைந்த கருவியைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாகப் பற்றரியில் மட்டும் இயங்குவதை மாட்டக் கூடாது. பழைய கருவி காபனோரொட்சைட்டையும் உணருவதாக இருந்தால் புதியதும் அப்படியே இருக்க வேண்டும்.

மிளகாய் வறுக்கும் வீட்டுக்கு எது பொருத்தம்

நம்மவர் பலர் அலாரத்தைக் கழற்றி வைப்பதற்குக் காரணம் அசட்டை அல்ல, சமையல். மிளகாய் வறுத்தாலும் மீன் பொரித்தாலும் அது கத்தும். அண்ணாவும் குசினிக்கு அருகில் இருந்ததை எப்போதோ கழற்றி லாச்சிக்குள் போட்டுவிட்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு அம்மா நடுங்குவதைப் பார்க்க முடியவில்லை என்றார்.

இதற்குத் தீர்வு உண்டு. புகை அலாரத்தில் இரண்டு முக்கிய வகைகள் இருக்கின்றன. ஒன்று அயனாக்க முறையில், மிகச் சிறிய அளவு அமெரிசியம் என்ற கதிரியக்க மூலகத்தைக் கொண்டு வேலை செய்வது. சுவாலை விட்டு வேகமாக எரியும் நெருப்பை இது விரைவில் உணரும். ஆனால் சமையல் புகைக்கும் அடிக்கடி அடிக்கும். மற்றது ஒளியைக் கொண்டு உணரும் வகை. மெத்தை, சோபா போன்றவை புகைந்து புகைந்து எரியும்போது இது விரைவில் உணரும். சமையல் புகைக்கு வீணாக அடிப்பதும் குறைவு. குசினிக்குக் கிட்டிய இடத்துக்கு ஒளிமுறை அலாரமே பொருத்தம்.

அடுப்பிலிருந்து குறைந்தது மூன்று மீற்றர் தள்ளி அலாரம் இருப்பது நல்லது. ஆனால் வயருடன் இணைந்ததை நினைத்த இடத்துக்கு நகர்த்த முடியாது, அதற்கு மின் வேலைக்காரர் வேண்டும். நகர்த்த முடியாவிட்டால், சத்தத்தைச் சில நிமிடங்களுக்கு மட்டும் நிறுத்தும் பொத்தான் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சமைக்கும்போது அடித்தால் அதை அழுத்தினால் போதும். கொஞ்ச நேரத்தில் அலாரம் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கழற்றி வைத்த அலாரமோ நாம் மறந்தால் மறந்ததுதான்.

மாற்றும் முறை

முதலில் பிரேக்கர் பெட்டியில் உரிய பிரேக்கரை நிறுத்துங்கள். அலாரத்தின் பச்சை விளக்கு அணைய வேண்டும். அணைந்தாலும், வயரில் கை வைக்கும் முன் டெஸ்டரால் சோதியுங்கள்.

அலாரத்தை இடப்பக்கமாகத் திருகினால் தாங்கும் தட்டிலிருந்து கழன்று வரும். பின்னால் செருகியிருக்கும் பிளக்கின் இரு பக்கங்களையும் அமத்திக்கொண்டு இழுத்தால் அது பிரியும். பற்றரியை எடுத்துவிட்டுச் சோதனைப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரமும் தீர்ந்து, கழற்றிய கருவி மேசையில் கிடந்து கத்தாது.

அதே நிறுவனத்தின் புதிய கருவியாக இருந்தால் பழைய பிளக்கே பல வேளைகளில் பொருந்தும். தாங்கும் தட்டை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். வேறு நிறுவனமானால் பிளக் பொருந்தாது. மாற்றிப் பொருத்தும் இணைப்பியைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. இல்லாவிட்டால் வயர்களைப் பிரித்துப் புதிய பிளக்கை இணைக்க வேண்டும்: கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை, மூன்றாவதோடு மூன்றாவது. வயர் நிறங்கள் இப்படி இல்லை என்றாலோ, வயர் உக்கிப் போயிருந்தாலோ அதோடு நிறுத்திவிட்டு அனுமதிப் பத்திரம் உள்ள மின் ஒப்பந்தகாரரைக் கூப்பிடுங்கள்.

ஒரே நாளில், ஒரே நிறுவனத்தின் அலாரங்களாகவே எல்லாவற்றையும் மாற்றுவது நல்லது. வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று சரியாகப் பேசிக்கொள்வதில்லை. கடைசியில் பிரேக்கரைப் போட்டு, பச்சை விளக்கைப் பார்த்து, ஒன்றின் பொத்தானை அழுத்துங்கள். எல்லாம் சேர்ந்து அடிக்க வேண்டும். பிறகு மாதம் ஒரு தடவை இதைச் செய்யுங்கள்.

பழைய கருவியைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. எங்கே கொடுப்பது என்பதை ரொறன்ரோவில் 311 இல் கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அலாரத்தைப் பொருத்துவதும் பராமரிப்பதும் வீட்டுச் சொந்தக்காரரின் சட்டப்படியான கடமை. நாட்பட்டதை மாற்றித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. அதைச் செயலிழக்கச் செய்யாமல் இருப்பது உங்கள் கடமை.

போரைக் கண்டவர்கள் இருக்கும் வீட்டில்

இது எந்தக் கையேட்டிலும் இல்லை, நாங்கள் செய்து பார்த்தது. சோதிப்பதற்கு முன் வீட்டில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். பகலில், எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும். திடீரென்று அழுத்திவிட்டுப் பகிடி விடக் கூடாது.

வயதானவர்களுக்குக் கீச்சுச் சத்தம் சரியாகக் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள். வழமையான அலாரம் ஏறத்தாழ 3,100 ஹேர்ட்ஸ் உயர்ந்த ஒலியில் அடிக்கிறது. 520 ஹேர்ட்ஸ் தாழ்ந்த ஒலியில் அடிக்கும் கருவிகளும் இருக்கின்றன. தூங்குபவரையும் கேட்கும் திறன் குறைந்தவரையும் அது கூடுதலாக எழுப்புகிறது. பேசும் அலாரங்களும் உண்டு. கடையில் நாங்கள் பார்த்தவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் பேசின.

முக்கியமானது, எங்கே ஓடுவது என்பதைச் சொல்லிக் கொடுப்பது மட்டுமல்ல, நடந்து பழகுவது. சத்தம் கேட்டால் கீழே அல்ல, கட்டிலுக்கு அடியில் அல்ல, அலுமாரிக்குள் அல்ல, வெளியே. புகை இருந்தால் குனிந்து போக வேண்டும். வெளியே எல்லோரும் சேரும் இடம் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மாரிகாலத்தில் கோட்டும் சப்பாத்தும் வாசலருகில் இருக்கட்டும். வெளியே வந்த பிறகு 911 ஐ அழைக்க வேண்டும். எதை எடுப்பதற்காகவும் திரும்ப உள்ளே போகக் கூடாது. பாஸ்போர்ட், காணிப் பத்திரம், தொலைந்தவரின் ஒரே படம் என்று நம்மவர் திரும்பி ஓடக்கூடிய பொருட்கள் பல. அவற்றின் பிரதிகளை இன்றே வேறோர் இடத்தில் வையுங்கள்.

அந்தச் சனிக்கிழமை பொத்தானைப் பெரியம்மாவே தும்புத்தடியால் அழுத்தினார். முதல் தடவை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி செய்தோம். இரண்டாம் தடவை பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் கதவைத் திறந்து, முன்னால் நின்ற விளக்குக் கம்பம் வரை நடந்தார். “இவ்வளவுதானே” என்றார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

வெளிநாட்டில் உங்கள் அம்மாவோ அப்பாவோ இருந்தால், அடுத்த தடவை கதைக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மேலே இருக்கும் அலாரத்தின் பின்பக்கத்தில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது? அது அடித்தால் எங்கே போவீர்கள்?