உழைச்செல்வான் முதல் செவிலியர் வரை

'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் (950) வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துள்ளார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு எண்ணப்படுபவன் 'உழைச்செல்வான்', அதாவது நோயாளியின் பக்கத்திலிருந்து கவனிப்பவன். 'உழை' என்பது இங்குப் பக்கம் என்னும் பொருளது, உழைப்போடு தொடர்புடையதன்று. அரசனுக்கு உறுதி கூறும் அமைச்சனையும் வள்ளுவர் 'உழையிருந்தான்' (638) என்றே சுட்டுகிறார். ஆதலின் உழைச்செல்வான் என்பதை வெறும் ஏவலாளைக் குறிக்கும் சொல்லாகக் கொள்ளுதற்கு இடமில்லை.

சரக சங்கிதையிலும் இந்நாற்பகுப்பு உண்டு. அங்கு 'உபஸ்தாதா' எனப்படும் பணிவிடையாளனுக்குரிய பண்புகளாகப் பணிவிடை முறையறிவு, செயல்திறன், அன்பு, தூய்மை ஆகியவை சொல்லப்படுகின்றன. பரிமேலழகர் உழைச்செல்வானுக்கு உரைப்பனவும் ஏறத்தாழ இவையே: நோயாளியிடத்து அன்பு, தூய்மை, சொல்லியதைச் செய்யும் வன்மை, அறிவு. நான்கனுள் அன்பு ஒன்றே என்பது கருதத்தக்கது. ஆயினும் அவர் கூறும் தூய்மை மனம், மொழி, மெய் மூன்றையும் தழுவியது. அதனை இன்றைய தொற்றுத்தடுப்பாகப் பெயர்த்துரைப்பது உரையை மீறுவதாகும்.

இலக்கண, இலக்கியங்களுக்கு வெளியே கிடைக்கும் சான்றுகளுள் திருமுக்கூடல் கல்வெட்டு தலையாயது. வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுச் சாசனமான இது, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையைக் குறிப்பிடுகிறது. மருத்துவர், சல்லியக்கிரியை செய்பவர் ஆகியோரோடு, நோயாளிகளைக் கவனித்து 'மருந்தடும் பெண்டுகள்' இருவருக்கும் ஊதியம் வகுக்கப்பட்டுள்ளது. இங்குப் பணியாளரின் பெயரே செய்தொழிலால் அமைந்துள்ளது.

தற்காலத் தமிழ் இவற்றுள் எதனையும் தேர்ந்துகொள்ளவில்லை. தமிழ்நாட்டில் நிலைபெற்ற 'செவிலி' அகப்பொருள் மரபில் வளர்ப்புத்தாயைக் குறிப்பது. தொல்காப்பியம் அவளைத் தாயாகவே எண்ணுகிறது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் 'தாதி'யும் வளர்ப்புத்தாய் என்னும் பொருளை உடையதே. ஆங்கில 'நர்ஸ்' பாலூட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரினது. ஆங்கிலத்தில் அச்சொல்லின் பொருளை மாற்றியது பயிற்சி. 1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கியது. சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டுச் சட்டம் செவிலியர் பதிவுக்கு வழிவகுத்தது. தமிழிலோ தாய்மைக் குறிப்பு இன்னும் மங்கவில்லை. செவிலி பெண்பாற்பெயராதலின் 'ஆண் செவிலியர்' என அடைகொடுக்க வேண்டியுள்ளது. உழைச்செல்வானுக்கு இதற்கு நேர்மாறான குறை.

தொழிற்பெயரை விட இடர் மிகுந்தவை தொழில்நெறிச் சொற்கள். மருந்து கொடுக்குமுன் ஐந்தினைச் சரிபார்க்குமாறு செவிலியர்க்குக் கற்பிக்கப்படுகிறது: உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம். ஆங்கிலத்தில் இவை 'ரைட்' என்னும் ஒரு சொல்லால் தொகுக்கப்படும். அகராதியை மட்டும் நம்பி 'ஐந்து உரிமைகள்' என்றால் செவிலியின் கடமை நோயாளியின் சட்ட உரிமையாகிவிடும். 'சரியான' என்பது பிழையின்மையைச் சுட்டுமேயன்றி, இன்னாருக்கு இது என்னும் பொருத்தத்தை அத்துணைத் தெளிவாகச் சுட்டாது. 'உரிய' இரண்டையும் தாங்குகிறது. 'வழி' என்பதையும் வாய்வழி, தசைவழி, சிரைவழி எனப் பிரித்தெழுதுதல் வேண்டும். 'ஊசி' என்று மட்டும் எழுதினால் தசையிலா சிரையிலா என்பதைப் படிப்பவரே ஊகிக்க நேரும்.