முற்றிய பெருங்குடற் புற்றுநோயும் மருந்துகளின் வரலாறும்

மலேசியாவில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் பெருங்குடற் புற்றுநோயும் ஒன்று. இங்கு அந்நோயுற்றோருள் பெரும்பாலோர் மூன்றாம் அல்லது நான்காம் நிலையிலேயே கண்டறியப்படுகின்றனர். நான்காம் நிலை என்பது, நோய் குடலைக் கடந்து கல்லீரல், நுரையீரல் முதலிய உறுப்புகளுக்குப் பரவிய நிலை. அறுவைச் சிகிச்சை மட்டும் போதாத அந்நிலையில் மருந்தே முதன்மைத் துணையாகிறது. அம்மருந்துகள் தோன்றிய வரலாறு தமிழ் மாணவர் அறியத்தக்கது.

எலியின் கல்லீரற் புற்றுக்கட்டி, யுராசில் என்னும் பொருளை இயல்பான திசுவைவிட மிகுதியாக ஏற்பதை 1950களில் ஆய்வாளர் கண்டனர். அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஹைடல்பெர்கர், யுராசிலின் ஒரு ஹைட்ரஜன் அணுவிற்கு மாற்றாகப் புளோரின் அணுவைப் பொருத்தினார். புற்று உயிரணு அதனைத் தன் உணவென ஏற்று, மரபுப்பொருளை ஆக்க இயலாது மடியும் என்பது அவர் கருத்து. 1957இல் வெளிவந்த அம்மருந்தே 5-புளோரோயுராசில்.

தனித்து அளித்தபோது அதன் பயன் சிறிதே. ஃபோலிக் அமிலத்தின் வழிவந்த லியூகோவோரினைச் சேர்த்தபோது, கட்டி சுருங்கியோர் 11 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாக உயர்ந்ததை 1992இல் வெளியான தொகுப்பாய்வு காட்டிற்று. ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிய லெடர்லி ஆய்வகக் குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1948இல் மறைந்த அவர் இப்பயனைக் காணவில்லை.

1966இல் மன்றோ வால், மன்சுக் வாணி ஆகியோர் சீன மரமொன்றிலிருந்து காம்ப்டோதெசின் என்னும் பொருளைப் பிரித்தறிந்து வெளியிட்டனர். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வேறொரு மரத்திலும் அப்பொருள் உண்டென 1972இல் அறிவித்தவர்கள் தி. ரா. கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் ஆவர். அப்பொருளிலிருந்து ஜப்பானியர் ஆக்கிய இரினோடெகான் 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆக்சாலிபிளாட்டினும் ஜப்பானில் பிறந்ததே. 2004இல் பெவசிசுமாப், செடுக்சிமாப் என்னும் இலக்குசார் மருந்துகள் வந்தன. இன்று கட்டியின் மரபணுவை ஆராய்ந்த பின்னரே உரிய மருந்து தெரிவு செய்யப்படுகிறது.

முன்னர் ஓராண்டளவாக இருந்த நடுவளவு வாழ்நாள், அண்மை ஆய்வுகளில் ஏறத்தாழ 30 மாதங்களை எட்டியுள்ளது. சிலருக்குக் கல்லீரற் கட்டி சுருங்கி, அறுவைக்கும் வழி பிறக்கிறது. ஆயினும் பெரும்பாலோர்க்கு இம்மருந்துகள் நோயைக் கட்டுப்படுத்துவனவே. முற்றும் போக்குவன அல்ல.

இவ்வேறுபாட்டை உணர்த்துவது மொழியின் கடன். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாழும் பாட்டிக்கு, மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கூறியதைத் தமிழில் எடுத்துரைப்பவர் பல வேளைகளில் பேரப்பிள்ளையே. ‘கட்டுப்படுத்தும்’ என்பதைக் ‘குணப்படுத்தும்’ என்று சொல்லிவிட்டால், பாட்டி எடுக்கும் முடிவு பிழையான அடித்தளத்தில் அமையும். ‘இனிப் பயனில்லை’ என்று சொல்லிவிட்டால், பெறக்கூடிய மாதங்களும் கைநழுவும். ஆசிரியர்கள் இவ்விரு சொற்களின் எல்லையை வகுப்பறையில் தெளிவுறுத்துதல் வேண்டும். ஐம்பது அகவை கடந்தோர்க்கு அரசு சுகாதார நிலையங்களில் மலப் பரிசோதனை உண்டு என்பதையும் மாணவர் இல்லந்தோறும் எடுத்துச் செல்வாராக. நோய் முற்றுமுன் அறிவதே எம்மருந்தினும் மேலானது.