பள்ளி மணியும் சமய போதனையும்

கிறிஸ்தவக் கல்வியின் வரலாற்றைப் பயில்வோர், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எழுந்த ‘விடுவிப்பு நேர’ இயக்கத்தைக் கருத்தூன்றி நோக்குதல் நலம். பொதுப்பள்ளி மாணவரைப் பெற்றோரின் இசைவின்பேரில் வாரத்தில் ஒரு வேளை சமய போதனைக்கென விடுவிப்பதே இதன் திட்டம். திருச்சபைக்குப் பெருவெற்றியாகத் தோன்றிய இம்முயற்சி, நாம் எதன் வலிமையைச் சார்ந்து போதிக்கிறோம் என்னும் கேள்வியையும் உடன் கொணர்ந்தது.

இதன் வேர்கள் 19ஆம் நூற்றாண்டில் உள்ளன. 1837இல் மாசசூசெட்ஸ் மாநிலக் கல்விக் குழுவின் செயலரான ஹோரஸ் மான், எச்சபைப் பிரிவையும் சாராத பொதுப்பள்ளியை விரும்பினார். ஆயினும் அத்தகைய பள்ளிகளில் பெரும்பாலும் வாசிக்கப்பட்டது புரொட்டஸ்டண்டார் வழங்கிய ஜேம்ஸ் அரசர் வேதாகமமே. தமக்குப் பொதுவானது யாவர்க்கும் பொதுவானது என அவர்கள் எண்ணினர். ரோமன் கத்தோலிக்கர் அவ்வாறு எண்ணவில்லை. 1844இல் பிலதெல்பியாவில் மூண்ட கலகங்களுக்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம். பலர் மாண்டனர், இரு கத்தோலிக்க ஆலயங்கள் தீக்கிரையாயின.

1914இல் இந்தியானா மாநிலத்துக் கேரி நகரின் பள்ளிக் கண்காணிப்பாளர் வில்லியம் வர்ட் புதிய வழியொன்றைத் திறந்தார். மாணவர் பள்ளியை விட்டுத் தத்தம் சபையாரிடம் சென்று கற்றனர். முதலாண்டில் சென்றவர் 619 பேர். 1947இல் ஏறத்தாழ 2,200 ஊர்களில் ஏறக்குறைய 20 இலட்சம் மாணவர் இத்தகைய திட்டங்களில் பங்குபெற்றனர்.

இல்லினாய் மாநிலத்துச் சாம்பெய்னில் 1940இல் புரொட்டஸ்டண்டார், கத்தோலிக்கர், யூதர் ஆகியோர் இணைந்து ஒரு குழு அமைத்தனர். ஆசிரியர்க்கு ஊதியம் அளித்தது அக்குழுவே. ஆனால் வகுப்புகள் பள்ளிக் கட்டடத்திலேயே நடந்தன. வருகைப் பதிவும் பள்ளிக்கு அனுப்பப்பட்டது. சமய நம்பிக்கையற்ற வஷ்டி மெக்கல்லம் என்னும் தாய், இசைவு தராத தம் மகன் போன்ற பிள்ளைகள் தனித்து ஒதுக்கப்படுவதாக முறையிட்டு வழக்குத் தொடுத்தார். 1948இல் உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வரிப்பணத்தில் எழுந்த கட்டடமும் கட்டாயக் கல்விச் சட்டமும் சமய போதனைக்குத் துணைநிற்றல் தகாது என நீதிபதி பிளாக் எழுதினார். சபைத் தலைவர் பலர் இதனைக் கண்டித்தனர். எனினும் அத்தாயை ஆதரித்து மன்றத்தில் கருத்துரை அளித்தவருள் பாப்திஸ்து சபையாரும் ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகளும் இருந்தனர் என்பது நாம் மறக்கலாகாத உண்மை. மனச்சான்றின் விடுதலைக்காகத் தம் முன்னோர் பட்ட பாடுகளை அவர்கள் அறிந்திருந்தனர்.

1952இல் நியூயார்க் திட்டம் அதே மன்றத்தின் முன் வந்தது. அங்கு வகுப்புகள் பள்ளிக்கு வெளியே நடந்தன, பொதுப்பணம் செலவிடப்படவில்லை. எனவே ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் மன்றம் அதனை ஏற்றது. இன்றும் பல மாநிலங்களில் இம்முறை தொடர்கிறது. ஆயினும் வகுப்புக்கு வராதோர் பட்டியலைச் சபைகள் வாரந்தோறும் பள்ளிக்கு அனுப்பின. ஆலயம் செல்லாத மாணவனுக்குப் பள்ளியே தற்காலிகச் சிறையாகிறது என்று மாறுபட்ட நீதிபதி ஜாக்சன் கடிந்தார். எல்லாரையும் ஒருங்கே விடுவித்து, விரும்புவோர் வரட்டும் என்று ஏன் விடலாகாது என்பதே நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர் எழுப்பிய வினாவின் சாரம்.

அவ்வழி புதிதன்று. பிரான்சில் 1882ஆம் ஆண்டுச் சட்டம், ஞாயிறு தவிர வாரத்தில் ஒருநாள் பள்ளிகள் விடுமுறை விட வேண்டும் என்றது. பெற்றோர் விரும்பினால் அந்நாளில் பள்ளிக்கு வெளியே தம் பிள்ளைகட்குச் சமயக் கல்வி அளிக்கலாம். அங்கு எந்தப் பிள்ளையும் வகுப்பறையில் பின்தங்கி அமரவேண்டியதில்லை.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? பள்ளியின் மணி பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டக்கூடும். விசுவாசத்தைப் பிறப்பிக்க அதனால் இயலாது. சட்டத்தின் கட்டாயத்தைச் சிறிதளவேனும் கடன் வாங்கும் போதனை, வெளியே நிற்கும் பிள்ளையின் மனத்தைக் காயப்படுத்துகிறது. உள்ளே இருக்கும் பிள்ளைக்கோ நற்செய்தியைக் கடமைப் பாடமாக்குகிறது. நம் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவும், அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்விக்கூடங்களில், மாணவரின் இசைவோ, அவர் சிறாராயின் காப்பாளரின் இசைவோ இன்றி, எவரையும் சமய போதனையில் பங்குபெறச் செய்யலாகாது என்கிறது. இதனை நமக்கு இடப்பட்ட தடையாகக் கருதாமல், நற்செய்தியின் இயல்புக்கு ஏற்ற ஒழுங்காகவே கொள்ளல் தகும். ஏனெனில் ஆண்டவர் அழைத்தாரேயன்றி, எவரையும் வலிந்து இழுத்ததில்லை.

ஆகவே பள்ளி நமக்கு எத்தனை மணி நேரம் தரும் என்று கேட்பதற்கு முன்னர், நம் இல்லங்களும் ஓய்வுநாட்பள்ளிகளும் திடப்படுத்தல் வகுப்புகளும் தாமே விரும்பி வரும் பிள்ளைக்கு எதனை அளிக்கின்றன என்று ஆயர்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.