அமேசானின் கணக்குப்பிள்ளை

போன மாதம் ஆபீசில் ஒரு சின்ன உரசல். மாதாந்திர ரிப்போர்ட்டில் ஒரு எண் எகிறிவிட்டது. எண் சரியா தப்பா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "அடுத்த வாரம் அனுப்பிக்கலாமே" என்று மட்டும் மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. கணக்குப் போட்ட நிரலை எழுதினவன் நான். கடுப்பில் தூக்கம் வராமல் அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்ததுதான் பிரேசில்காரர்களின் காட்டுக் கணக்கு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

சாவ் பாவ்லோ மாநிலத்தில் இருக்கிறது இன்பே (இன்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, அவங்க தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் சுருக்கப் பெயர்). 1988-லிருந்து வருஷா வருஷம் அமேசானில் எவ்வளவு காடு மொட்டையடிக்கப்பட்டது என்று அளக்கிறார்கள். லேண்ட்சாட் படத்தைப் பார்த்து, வெட்டின இடத்தைச் சுற்றிக் கோடு போடணும். 6.25 ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் கணக்கில் வராது. கணக்கு வருஷம் ஆகஸ்ட் முதல் ஜூலை வரை.

இதில் எனக்குப் பிடித்தது, இன்பே அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இருப்பது. அபராதம் போடுகிற இபாமா சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ். அளக்கிறவன் வேற, தண்டிக்கிறவன் வேற. நம்ம ஊர்ல கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் ஒரே ஆளா இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா ஆரம்பத்தில் வெளியே வந்தது மொத்த எண் மட்டும்தான், அதுவும் ஆற அமர. 1995-ல் 29,059 சதுர கி.மீ. காடு போனது. இன்றுவரை அதுதான் உச்சம். அந்த எண் வெளியானது 1998 ஜனவரியில்! அதற்குள் அங்கே மாடு மேய ஆரம்பித்திருக்கும்.

2003-ல் ரப்பர் பால் எடுக்கும் குடும்பத்தில் பிறந்த மரினா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சரானார். அந்தக் காலகட்டத்தில்தான் பெரிய மாற்றம். மொத்தத்தைச் சொல்வதோடு நிறுத்தாமல், போட்ட கோடுகளையே, வரைபடத்தையே, இணையத்தில் வைத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 2004-ல் டெட்டர் என்று இன்னொன்று வந்தது. படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் வெட்டும்போதே எச்சரிக்கை போகும். 2004-ல் 27,772 சதுர கி.மீ.யாக இருந்த அழிவு 2012-ல் 4,571 ஆனது. முழுக்கத் தரவால்தான் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ரோந்து, புதுக் காப்புக்காடுகள், 2006-ல் சோயா வியாபாரிகள் செய்துகொண்ட ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்துதான். ஆனால் 2008 ஜனவரியில் அழிவு அதிகமான 36 நகராட்சிகளைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட முடிந்ததே, அது இந்தக் கோடுகள் இல்லாமல் நடந்திருக்காது. அதே வருஷம் அமேசானில் விவசாயக் கடனையும் சட்டப்படி நடக்கிறவர்களுக்கு மட்டும் என்று இறுக்கினார்கள்.

சும்மா விடுவார்களா? மாட்டோ குரோசோ மாநில ஆளுநர் பிளைரோ மாஜி, பெரிய சோயா முதலாளி, இன்பே கணக்கே தப்பு என்றார். வெறும் எண் மட்டும் இருந்திருந்தால் "நீ பொய், நான் மெய்" என்றே போயிருக்கும். வரைபடம் எல்லார் கையிலும் இருந்ததால், எந்த இடம் தப்பு, காட்டு என்று கேட்க முடிந்தது.

அடுத்த சண்டை 2019-ல். ஜூலையில் அதிபர் பொல்சொனாரோ, இன்பே எண்கள் பொய், அதன் தலைவர் ஏதோ தொண்டு நிறுவனத்துக்காக வேலை செய்கிறார் போல என்று வெளிநாட்டு நிருபர்களிடம் சொன்னார். தலைவர் ரிக்கார்டோ கல்வாவ், இயற்பியல் பேராசிரியர், மறுநாளே பத்திரிகைகளில் திருப்பிக் கொடுத்தார். ஆகஸ்ட் 2 அன்று வேலை காலி. எண் காலியாகவில்லை! படங்களும் முறையும் பொதுவில் கிடக்கின்றன, இமாசோன் மாதிரி வெளி ஆட்களும் தனியாக அளக்கிறார்கள். திருத்தினால் அடுத்த நாளே தெரிந்துவிடும். அந்த வருஷத்தின் இறுதிக் கணக்கு வந்தபோது 10,000 சதுர கி.மீ.யைத் தாண்டியிருந்தது. (கல்வாவ் 2023-ல் நாட்டின் அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில் தலைவராக வந்து உட்கார்ந்தார், அது தனிக்கதை.)

எண்ணைத் தொட முடியாவிட்டால் எதைத் தொடுவது? தேதியை! 2021 அறிக்கையில் போட்டிருந்த தேதி அக்டோபர் 27. வெளியானது நவம்பர் 18. நடுவில் கிளாஸ்கோ காலநிலை மாநாடு நடந்து முடிந்திருந்தது. அழிவு 13,000 சதுர கி.மீ.க்கு மேல். "அடுத்த வாரம் அனுப்பிக்கலாமே" ஞாபகம் வருதா? :-)

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. வெட்டினது எந்த இடம் என்று இன்பே சொல்லும், யாருடைய நிலம் என்று சொல்லாது. அதற்கு 2012 வனச் சட்டத்தில் கிராமப்புற நிலப் பதிவேடு ஒன்று கொண்டுவந்தார்கள். உரிமையாளர் தானே எல்லை வரைந்து பதிந்துகொள்ளணும். பொதுக் காட்டின் மேலும், பழங்குடி நிலத்தின் மேலும்கூடக் கோடு போட்டுப் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

போன ஞாயிறு இன்பேயின் கோப்பை இறக்கி என் மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். பாரா மாநிலத்தில் ஒரு நெடுஞ்சாலை, அதன் இரண்டு பக்கமும் மீன்முள் மாதிரிக் கிளைச்சாலைகள், ஒவ்வொரு முள்ளிலும் வருஷம் போட்ட கட்டங்கள். ஒரு கட்டத்தின் மேல் சொடுக்கினேன். பரப்பளவு வந்தது, படம் எடுத்த தேதி வந்தது. பெயர் என்று ஒரு கட்டம் இல்லை.