மாளிகைக்குள் 100 பேர்: டப்ளினின் 14-ம் எண் வீடு சொல்லும் கதை என்ன?

அயர்லாந்து தலைநகர் டப்ளினில், ஹென்ரியெட்டா தெருவில் இருக்கிறது 14-ம் எண் வீடு. 1740-களின் இறுதியில் பணக்காரக் குடும்பம் ஒன்று வசிப்பதற்காகக் கட்டப்பட்டது. ஆனா, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இதே வீட்டில் 17 குடும்பங்களைச் சேர்ந்த 100 பேர் இருந்தார்கள். எப்படி? வாங்க, பார்க்கலாம்.

ஜார்ஜியன் கட்டடம்னா என்ன?

ஜார்ஜியா நாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. 1714 முதல் 1830 வரை பிரிட்டனை அடுத்தடுத்து ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலத்துக் கட்டடக்கலை இது. செங்கல் முகப்பு, அளவெடுத்து அடுக்கியது போன்ற ஜன்னல்கள், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். இப்படி வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்தான் ‘டெரஸ்’ வீடுகள்.

ஜன்னலைப் பார்த்தாலே அந்தஸ்து தெரியும்

சமையலறை தரைக்குக் கீழே இருக்கும். விருந்தினரை வரவேற்கும் கூடங்கள் முதல் மாடியில். அதனால் அங்கே உயரமான கூரை, பெரிய ஜன்னல்கள். மேலே போகப் போக ஜன்னல்கள் சிறுத்துவிடும். படிக்கட்டிலும் பாகுபாடு உண்டு: முதலாளிக்கும் விருந்தினருக்கும் அலங்காரப் படிக்கட்டு, வேலைக்காரர்களுக்குப் பின்னால் தனிப் படிக்கட்டு.

பணக்காரர்கள் ஏன் போனார்கள்?

1801-ல் அயர்லாந்து பிரிட்டனுடன் இணைக்கப்பட்டு, டப்ளின் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அதிகாரம் லண்டனுக்குப் போனது, பிரபுக்களும் மெல்லக் கிளம்பினார்கள். 14-ம் எண் வீட்டில் பிறகு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். கடனில் மூழ்கிய நிலங்களை விற்றுக் கொடுக்கும் நீதிமன்றமும் அங்கே இயங்கியது.

1877-ல் என்ன மாறியது?

அந்த ஆண்டு தாமஸ் வான்ஸ் என்ற உரிமையாளர், மாளிகையை 19 வாடகைக் குடியிருப்புகளாகப் பிரித்தார். இடத்தை மிச்சப்படுத்த அலங்காரப் படிக்கட்டையே அகற்றிவிட்டார். வேலைக்காரர்களுக்காகக் கட்டிய பின்படிக்கட்டுதான் இனி எல்லோருக்கும் வழி. பெரிய கூடங்களுக்கு நடுவே தடுப்புகள் வந்தன. அந்தஸ்துக்காக உயர்த்திய கூரை, இப்போ குளிர்காலத்தில் அறையைச் சூடேற்ற முடியாத தொல்லையாக மாறியது.

உயிரைப் பறித்த சுவர்கள்

டப்ளின் முழுக்க இப்படிப்பட்ட பழைய வீடுகளில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பராமரிப்பு இல்லை. 1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் இரண்டு வீடுகள் இடிந்து விழுந்து 7 பேர் இறந்தார்கள். அதோடு முடியவில்லை. 1963 ஜூன் மாதத்தில் போல்டன் தெருவிலும் ஃபெனியன் தெருவிலும் பழைய வீடுகள் இடிந்து 4 பேர் பலியானார்கள். அதன் பிறகுதான் ஆபத்தான கட்டடங்களிலிருந்து மக்களை வேகமாக வெளியேற்றினார்கள்.

இப்போ எப்படி இருக்கு?

14-ம் எண் வீட்டின் கடைசிக் குடும்பங்கள் 1970-களின் இறுதியில் வெளியேறின. டப்ளின் மாநகராட்சி வீட்டைச் சீரமைத்து, 2018-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது.

இங்கேதான் முக்கியமான விஷயம். பிரபு காலத்துக்கே வீட்டைத் திருப்பிக் கொண்டுபோக அவர்கள் நினைக்கவில்லை. ஏழைக் குடும்பங்கள் ஒட்டிய வால்பேப்பர், விரித்த லினோலியம், பொது நடையில் பூசியிருந்த சிவப்பு, நீல வண்ணம் எல்லாவற்றையும் பாதுகாத்திருக்கிறார்கள். காரணம், கட்டியவர்களின் கதை மட்டுமல்ல, அதில் 100 ஆண்டுகள் குடியிருந்தவர்களின் கதையும் அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது.