குரலுக்குப் பின்னே நின்றவர்கள்

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவர் யார் என்று கேட்டால், யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். மகாவம்சம், ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனைக் கூறும். திருகோணமலைத் தமிழர் மரபோ குளக்கோட்டனைக் கூறும். கோணேசர் கோயிலுக்கு வேண்டிய நெல் விளைவதற்காகவே அவன் அக்குளத்தை அமைத்தான் என்பது அம்மரபு. அவ்வழக்கைத் தீர்ப்பது இன்றைய பேச்சின் நோக்கமன்று. அம்மரபைச் சொல்லும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூலின் ஒரு சிறப்பையே நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். கவிராச வரோதயர் இயற்றிய அந்நூல் அரசன் புகழோடு நின்றுவிடவில்லை. தானத்தார் செய்யவேண்டியவை எவை, வரிப்பத்தார் செய்யவேண்டியவை எவை என்று, பூவெடுப்பது, நெல் குற்றுவது ஈறாகக் கோயில் தொழும்புகளைப் பகுத்து எழுதிவைத்திருக்கிறது. அடியார் கண்ணுக்குப் புலப்படுவது தீபாராதனை ஒன்றே. அதற்குப் பின்னே நின்ற கைகளுக்கும் அந்த ஏட்டில் இடமுண்டு.

வானொலியைப் பற்றி நாம் அப்படிப் பகுத்துப் பேசுவதில்லை. குரல்களையே நினைவில் வைத்திருக்கிறோம். எஸ். பி. மயில்வாகனம் என்றால் ஒரு தலைமுறைக்கு முகம் மலரும், கே. எஸ். ராஜா என்றால் அடுத்த தலைமுறைக்கு. அக்குரல்கள் கந்தளாய் வயல்வரப்பு வரை வந்து சேர்வதற்குக் கொழும்பில் எத்தனை பேர் எத்தனை வகையாக உழைத்தார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

இலங்கையின் ஒலிபரப்பே பேச்சாளர் ஒருவரால் தொடங்கப்பட்டதன்று. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் ஒருவரால் தொடங்கப்பட்டது. எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் சோதனைகளை நடத்தினார். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பகுதிகளைக் கொண்டே அவர் தமது பரப்பியை அமைத்தார் என்பர். 1925 டிசம்பர் 16இல் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் தன் வீரர்களுக்காக ஒரு நிலையம் நடத்திற்று. அதன் ஆற்றல் மிக்க சிற்றலைப் பரப்பி 1949இல் இலங்கை வசமாயிற்று. 1950இல் வர்த்தக சேவை பிறந்தது. இவையெல்லாம் பலரும் அறிந்த செய்திகள்; விரிக்க வேண்டியதில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைவோம். கண்ணாடிக்கு அப்பால் பேசுபவர். இப்பால் கட்டுப்பாட்டு மேசையில் ஒருவர். அவர் பேச்சின் பொருளை ரசிப்பதற்கு அங்கே அமர்ந்தவரல்லர். ஒலியளவைக் காட்டும் முள்ளின் மீதே அவர் கண் இருக்கும். முள் மிக ஏறினால் ஓசை சிதறும். மிகத் தாழ்ந்தால் இரைச்சல் மேலெழும். நாடகமென்றால் இன்னும் ஒருவர் வேண்டும். சிரட்டை இரண்டைத் தட்டிக் குதிரையை ஓடவிடுபவரும், தகட்டை அசைத்து இடி முழக்குபவரும் அவரே. நேயர் காதில் குதிரை ஓடினால்தான் அவருக்கு வெற்றி. சிரட்டை கேட்டால் தோல்வி.

இலங்கை வானொலியின் தமிழ் நாடகப் பணிக்குப் பொறுப்பாயிருந்தவர் சானா என்னும் சண்முகநாதன். ‘லண்டன் கந்தையா’வில் அவர் குரலை இரசித்தவர் பலர். அவர் ஓவியரும் ஆவார் என்பதை எத்தனை பேர் அறிவர்? கண்ணால் காண முடியாத மேடைக்கு ஓவியர் ஒருவர் பொறுப்பேற்றது பொருத்தமென்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒலிநாடா வந்தபின் ஒரு புதிய தொழில் பிறந்தது. வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும் நாடாவில் அரை வினாடி இருமல் ஏழரை அங்குல நீளம். அதனைத் தேடிக் கண்டு, சவரத் தகட்டினால் சாய்வாக வெட்டி எறிந்து, இரு முனைகளையும் ஒட்டவேண்டும். நேராக வெட்டினால் ஒட்டுமிடத்தில் ‘டக்’கென்று ஓசை எழும், ஆகையால் சாய்வு. இருமியவரை ஊரறியும், இருமலை நீக்கியவரை யாரறிவார்?

அந்நாடா பயணமும் செய்தது. 1952இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிற்று. அவ்வாண்டிலேயே இலங்கை வானொலியில் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கியது. அமீன் சயானி பேசியது பம்பாயில். நாடாச் சுருள் விமானத்தில் கொழும்புக்கு வந்தது. கொழும்பிலிருந்து அவர் குரல் சிற்றலையில் ஏறி மீண்டும் இந்தியாவுக்கே சென்றது. சுருளைப் பொதி செய்தவர், விமான நிலையத்தில் காத்திருந்து பெற்றவர், உரிய நொடியில் சுழலவிட்டவர் ஆகிய இவர்களில் ஒருவர் தவறினாலும் கோடி வீடுகளில் அந்த இரவு வெறுமையாகியிருக்கும்.

கடைசிக் கடமை பரப்பி நிலையத்தாருடையது. திருகோணமலை மாவட்டத்துக்கு இவர்கள் அயலார் அல்லர். டொயிச்சே வெல்லே என்னும் ஜெர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் 1984 முதல் 2013 வரை இம்மாவட்டத்தில் இயங்கிப் பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. பரப்பியைக் காப்பவருக்கும் அணையைக் காப்பவருக்கும் தொழில் ஒன்றே: எதுவும் நிகழாதிருக்கச் செய்வது. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பெருந்துயரோடு ஒலிபரப்பில் நேரும் இடைவெளியை ஒப்பிடுவது தகாது. ஆயினும் காவல் என்னும் தொழிலின் இயல்பு இரண்டிலும் ஒன்றுதான்.

இவ்வுழைப்பின் சான்றுகள் எங்கே? நாடா விலை மிகுந்த பொருள். ஒலிபரப்பியதை அழித்து அதன்மேலேயே மறுபடியும் பதிவது உலகத்து நிலையங்கள் பலவற்றின் வழக்கமாயிருந்தது. அதனால் குரல்களே பல அழிந்தன. குரலே அழிந்தபின், அதைப் பதிந்தவர் பெயர் எங்கே மிஞ்சும்?

இன்று வலையொலி வந்திருக்கிறது. ‘பாட்காஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை 2004இல் பென் ஹாமர்ஸ்லி கார்டியன் பத்திரிகைக் கட்டுரையொன்றில் எழுதினார். ஒரு கைப்பேசியும் ஒரு தனியறையும் போதும், ஒருவரே நிலையம் நடத்தலாம் என்பர். முயன்று பார்த்தவர் அறிவர்: விருந்தினரைத் தேடி நாள் குறித்தல், வினாக்களை ஆய்ந்தெழுதுதல், பதிதல், இருமலை வெட்டுதல், இசை சேர்த்தல், குறிப்பெழுதுதல், வெளியிடுதல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சவரத் தகடு கணினித் திரைக்குள் போயிற்று, வெட்டுபவர் போகவில்லை. தனியொருவர் நடத்தினால் இரவு இரண்டு மணிக்கு அவரே அதைச் செய்கிறார்.

பெரிய குழுக்கள் நடத்தும் வலையொலிகளில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. முடிவில் தயாரித்தவர், ஆய்ந்தவர், ஒலி சேர்த்தவர், சரிபார்த்தவர் என்று பெயர்களை வாசிக்கிறார்கள். அரை நிமிடம் ஆகும். கேட்பவரில் பலர் அவ்விடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.